கொலம்பியாவா, கொழும்பா?

கொட்டாஞ்சேனை கோல்காரன்:

2016 நவம்பர் 29, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். அம்மா வேலைத்தளத்துக்குப் போன் எடுத்து அழுகிறார். "கொழும்பில பிளேன் விழுந்திட்டுதாம், மாமா வாற பிளேனோ தெரியேல்லை." மாமா அன்றைக்குத் தோஹாவிலிருந்து வருவதாக இருந்தது. பதறியடித்துத் தேடினால், விழுந்தது கொழும்பில் இல்லை, கொலம்பியாவில். அம்மாவுக்கு ரேடியோச் செய்தி பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. மத்தியானம் மாமா வந்து சேர்ந்தார், சொக்லேட் பெட்டியைப் பிரித்தார், அம்மாவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

அம்மாவுக்கு அத்தோடு முடிந்தது. எனக்கு அங்கேதான் தொடங்கியது. அந்த விமானத்தில் இருந்தது ஒரு உதைபந்தாட்டக் குழு. பிரேசிலின் சப்பெகோயென்சே. முதல் நாள் வரை நான் கேள்விப்படாத பெயர், இன்றைக்கும் வாயில் ஒழுங்காக வராது. தென்னமெரிக்கக் கழகங்களுக்கான கோப்பா சுடமெரிக்கானா கிண்ண இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்துக்காக மெடலின் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 77 பேரில் 71 பேர் போய்விட்டார்கள். கோல் காப்பாளர் டனிலோவும் போய்விட்டார்.

நானும் கோல் காக்கிறவன். அரையிறுதியின் கடைசி நிமிடங்களில், கோலுக்கு மிகக் கிட்ட வந்த பந்தை டனிலோ காலால் தடுத்த வீடியோவை அன்றைக்கு நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். அந்தக் கால் ஒரு நொடி பிந்தியிருந்தால் இறுதிக்கு எதிரணி சான் லொரென்சோ போயிருக்கும், இவர்கள் வீட்டில் இருந்திருப்பார்கள். கோல் காக்கிறவனுக்கு இப்படி ஒரு கணக்கு வரவே கூடாது.

பின்னேரம் பயிற்சிக்குப் போனோம். சேர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. விசில் ஊதி எல்லாரையும் நடுவட்டத்தைச் சுற்றி நிற்கச் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பந்து உருண்டு போய்க் கானுக்குள் விழுந்தது. மற்ற நாளென்றால் யார் எடுப்பது என்று சண்டை நடக்கும். அன்றைக்கு ஒருத்தரும் அசையவில்லை. ரோட்டில் ஒரு லொறிக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம் தாண்டி வெகுநேரமாகியும் சேர் விசிலை வாயில் வைக்கவில்லை.

இப்படி முகம் தெரியாத ஆட்டக்காரர்களுக்காக உங்களில் யாருக்காவது மனம் உடைந்திருக்கிறதா? எழுதுங்கள்.

கட்டுநாயக்கா இரவு ஷிப்ட்:

விமானத்துக்குப் பொதி ஏற்றி இறக்குவதுதான் என் வேலை. எங்கள் ஓய்வறையில் அழுகையை விடக் கோபம்தான் அதிகம். அது எண்ணெய் முடிந்து விழுந்த விமானம். பொலிவியாவின் சாந்தா குரூஸிலிருந்து மெடலின் வரைக்கும் உள்ள தூரம், அந்தச் சின்ன அவ்ரோ விமானம் நிறைந்த தாங்கியோடு பறக்கக்கூடிய தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். வேறு விமான நிலையத்துக்குத் திருப்ப நேர்ந்தால், வானத்தில் சுற்ற நேர்ந்தால் என்று கையிருப்பு வேண்டும். அது இல்லாமலே கிளம்பியிருக்கிறார்கள். வழியில் இறங்கி எண்ணெய் அடிக்கவும் இல்லை. மெடலின் கிட்ட வந்தபோது வேறொரு விமானத்துக்கு முதலில் இறங்க இடம் கொடுத்திருந்தார்கள். இவர்கள் தங்கள் நிலைமையை வாய்விட்டுச் சொன்னபோது நேரம் கடந்துவிட்டது.

மலையில் மோதியும் அது தீப்பிடிக்கவில்லை. பிடிக்க உள்ளே எண்ணெய் இல்லை. எங்கள் சுப்பர்வைசர் இதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார். அவர் கிரிக்கெட் தவிர வேறு ஆட்டம் பார்க்காத மனிதர்.

பம்பலப்பிட்டி யுனைட்டட்:

என் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், மன்செஸ்டர் யுனைட்டட் பைத்தியம். 1958 பெப்ரவரி 6, மியூனிக்கில் பனிச்சேறு படிந்த ஓடுபாதை, யுனைட்டட் குழுவின் விமானம் மூன்றாவது தடவை கிளம்பப் பார்த்து மோதியது. 23 பேர் போனார்கள், அதில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். அந்த எட்டில் ஒருவர் டங்கன் எட்வர்ட்ஸ், 21 வயது. அவர் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தப் பதினைந்து நாளும் தாத்தா வேலைக்குப் போகுமுன் சலூனில் ஏறி, முடி வெட்டாமல், பேப்பரை மட்டும் பார்த்துவிட்டுப் போவாராம். சலூன்காரர் தூரத்தில் அவரைக் கண்டதுமே பேப்பரை மடித்து நீட்டுவாராம்.

எங்கள் வட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் யுனைட்டட்டின் பரம எதிரியான லிவர்பூல் பக்கம். நாள் முழுக்கக் குத்திக் கிழிப்பார்கள். சில வருஷத்துக்கு முன் ஒரு பொடியன் மியூனிக்கைக் கேலி செய்து, கைகளை விமானம் போல விரித்த படம் ஒன்றைப் போட்டான். அவனைத் தூக்கி வெளியே போட்டது குழுவிலேயே பெரிய லிவர்பூல் வெறியர். பிறகு எனக்குத் தனியாகப் போன் எடுத்து, "மச்சான், குறை நினைக்காதே" என்றார். நான் அந்தப் படத்தை அதுவரை பார்க்கவேயில்லை.

வத்தளை:

குறை நினைக்க வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். பிரேசில்காரருக்குக் கொட்டாஞ்சேனையில் மௌனம். சரி. நம்மட சனம் இதைவிட எவ்வளவு செத்தது? அதுக்கு எந்த மைதானத்தில் யார் விசில் ஊதினது?

கொட்டாஞ்சேனை கோல்காரன்:

வத்தளை அண்ணா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் எழுதுகிறேன். டனிலோவின் அம்மாவை மைதானத்தில் ஒரு டிவி நிருபர் பேட்டி எடுத்தார். பாதியில் அந்த அம்மா, நானும் ஒன்று கேட்கலாமா என்றார். அந்த விமானத்தில் இருபது பத்திரிகைக்காரரும் செத்திருந்தார்கள். கூட வேலை செய்தவர்கள் இத்தனை பேரைப் பறிகொடுத்துவிட்டு நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, நிருபரைக் கட்டிப்பிடித்தார். அவன் உடைந்து அழுதான். அதை நான் ஒரு தடவைதான் பார்த்தேன்.

மாளிகாவத்தை நானா:

2012இல் நான் கட்டாரில் ஹோட்டல் வேலை. அறையில் ஆறு பேர், அதில் ஒருத்தர் சாம்பியாக்காரர், லுசாக்கா. அதிகம் கதைக்காத மனிதர். பெப்ரவரி 12, ஆபிரிக்கக் கிண்ண இறுதியாட்டம், சாம்பியாவும் ஐவரி கோஸ்ட்டும். ஆட்டம் நடந்தது காபோனின் லிப்ரவில்லில். அன்றைக்குத்தான் அவர் வாயைத் திறந்தார்.

1993 ஏப்ரல் 27. சாம்பியாத் தேசிய அணி உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்துக்காகச் செனகல் போகும் வழி. விமானப்படையின் விமானம். எண்ணெய் அடிக்க இறங்கி, திரும்பக் கிளம்பினதும் கடலில் விழுந்தது. 30 பேரும் போய்விட்டார்கள், அதில் 18 பேர் ஆட்டக்காரர்கள். விழுந்தது அதே லிப்ரவில் கரைக்கு அப்பால். அணித்தலைவர் கலூஷா புவல்யா ஒல்லாந்திலிருந்து தனியாக வர இருந்ததால் உயிர் தப்பினார். பத்தொன்பது வருஷம் கழித்து, அதே ஊரில், அவர் சாம்பியா உதைபந்தாட்டச் சங்கத் தலைவராக இருக்கும்போது இறுதியாட்டம். ஆட்டத்துக்கு முன் சாம்பியாப் பொடியங்கள் கடற்கரைக்குப் போய்ப் பூப் போட்டார்கள்.

கோலில்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போனது. எங்களுக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. உதை தொடங்கினதும் இவரைக் காணவில்லை. பார்த்தால் குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு, மறுநாள் போட வேண்டிய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார். நாங்கள் ஒவ்வொரு உதைக்கும் ஓடிப்போய்ச் சொல்லுவோம். "ம்" என்பார், திரும்ப சவுக்காரம் போடுவார். எட்டுக்கு ஏழு, சாம்பியா. நான் போய்ச் சொன்னபோது குழாயை மூடினார். சட்டையைப் பிழிந்தார், பிழிந்தார், தண்ணி நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தார். பின்னால் நின்று வங்காளிப் பொடியன் கைதட்டினான். அவனுக்குச் சாம்பியா எந்தப் பக்கம் என்றே தெரியாது.

காலையில் அந்தச் சட்டை காயவில்லை. ஈரத்தோடேதான் போட்டுக்கொண்டு போனார்.

வெள்ளவத்தை:

வத்தளைத் தம்பி கேட்டது எனக்குக் கோபம் வரவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நான் கண்டது வேறு மாதிரி.

1998இல் நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் மேல்மாடி அனெக்ஸில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மாமி குடியிருந்தார். மாமா ஊரில். யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை போரால் மூடிக் கிடந்த காலம், வருவதென்றால் திருகோணமலைக்குக் கப்பல், இல்லாவிட்டால் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் பறக்க வேண்டும். மாமா ஊர்க் கழகத்தில் உதைபந்து ஆடியவர். முழங்கால் பிசகின பிறகும் விடவில்லை என்று மாமி பெருமையாகத் திட்டுவார்.

செப்டம்பர் 29 மாமா வருகிறார் என்று மாமி இடியப்பம் அவித்து மூடி வைத்திருந்தார். இருட்டிவிட்டது, ஆளைக் காணவில்லை. அப்பா காலி வீதியில் உள்ள கொமியுனிகேஷன் கடைக்குப் போய் வரிசையில் நின்றார். அங்கே நின்ற பாதிப் பேர் அதே விமானத்துக்குக் காத்திருந்தவர்கள். எங்கு அடித்தாலும் தெரியாது, தெரியாது. அப்புறம் கடலில் விழுந்துவிட்டது என்று வந்தது. 55 பேர். உடல் வரவில்லை.

உடல் வராவிட்டால் என்ன செய்வது? செத்த வீடு கொண்டாடுவதா, இல்லையா? மாமி பொட்டு வைத்தால் சனம் கதைக்கும். வைக்காவிட்டால் மாமாவின் தாய், "என்ரை பிள்ளையைச் சாகடிச்சுப்போட்டியோ" என்று அழுவார். மாமி கடைசியில் ஒரு வழி பண்ணினார். சிவப்பை விட்டுவிட்டு, மிளகு அளவில் ஒரு கறுத்தப் பொட்டு. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். போர் முடிந்து சில வருஷத்துக்குப் பிறகு கடலடியிலிருந்து விமானத்தின் பாகங்களை எடுத்தார்கள், கிடைத்த துணிமணிகளை அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். மாமி போனார். ஒன்றும் அவருடையதாக இல்லை.

2016 டிசம்பரில், மாமி எங்கள் வீட்டில் இருந்தபோது, டிவியில் அந்தப் பிரேசில் குழுவின் பெட்டிகள் ஊருக்கு வருவதைக் காட்டினார்கள். அடைமழை. இராணுவத்தினர் தோளில் ஒவ்வொன்றாகச் சுமந்து மைதானத்துக்குள் கொண்டுவருகிறார்கள். சனம் குடையோடு ஆசனங்களில் இருந்து கைதட்டுகிறது. மாமி, "பெட்டியாவது வந்திருக்கு" என்றார். அவருக்கு முட்டுவலி, எழும்பினால் இருக்கவும் இருந்தால் எழும்பவும் ஒரு ஆள் வேண்டும். எழும்பினார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கடைசிப் பெட்டி உள்ளே வரும் மட்டும் டிவிக்கு முன்னால் நின்றார். நானும் நின்றேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது.

அவர்களுக்காகத்தான் நின்றார் என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

வத்தளை:

அக்கா, மாமா எந்த இடத்தில ஆடினவர்?

வெள்ளவத்தை:

சென்டர் ஹாஃப். மாமியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இடது காலாம்.