உருக்காலை நிலமும் 30 செ.மீ. மண்ணும்

செம்புலம்: மூடிக் கிடக்கும் ஈய உருக்காலை நிலத்தில் மேல்மண்ணை 30 செ.மீ. வெட்டி எடுத்துவிட்டு நல்ல மண்ணைக் கொட்டினால் வேலை முடிந்தது என்று தணல் என்பவர் அடித்துச் சொல்லியிருப்பதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஈயம் மக்கிப் போகிற பொருள் அன்று. 30 செ.மீ.க்குக் கீழே விட்டுவைத்தது பேரன் காலத்திலும் அங்கேயே கிடக்கும். மரக்கன்று நடுபவரின் கடப்பாரை அந்த ஆழத்தோடு நின்றுவிடுமா?

தணல்: புகையோடு வந்து படிந்த ஈயத்தைக் களிமண்ணும் மட்கும் பிடித்துக்கொள்வதால், அது பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பங்கர் ஹில் உருக்காலை 1981இல் மூடப்பட்டு, 1983இல் சூப்பர்ஃபண்ட் என்ற, மாசுபட்ட நிலங்களைத் தூய்மையாக்கும் அரசுத் திட்டத்தின் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வீட்டு முற்றங்களில் ஏறத்தாழ 30 செ.மீ. மண்ணைத்தான் மாற்றினார்கள், குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் குறைந்தது. களத்தில் நடந்ததையே ஏற்காதவரிடம் நான் வேறு என்ன சொல்வது?

செம்புலம்: பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டீர்கள். அதே பங்கர் ஹில்லில் மண்ணைத் தோண்ட அனுமதி பெற வேண்டும் என்று தனி விதியே வைத்திருக்கிறார்கள். இத்தகைய நிலங்களில் புது மண்ணுக்கு அடியில் வண்ண வலை விரிப்பதும், தோண்டுகிறவர் அதைக் கண்டதும் நிறுத்த வேண்டும் என்பதற்காகத்தான். 30 செ.மீ.க்குக் கீழே நஞ்சு இல்லையென்றால் வலை எதற்கு, அனுமதி எதற்கு? 1973இல் புகையை வடிகட்டும் பைகள் தீயில் சேதமடைந்த பிறகும் உலையை நிறுத்தாமல் ஓட்டிய ஆலை அது; அதை வெற்றிக் கதையாகச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஊற்றுக்கண்: இருவரும் ஆழத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மண்ணில் பாஸ்பேட் இட்டால் ஈயம் எளிதில் கரையாத பைரோமார்ஃபைட் என்ற கனிமமாக மாறும். ஆனால் அதே பாஸ்பேட், மண்துகளில் ஒட்டியிருக்கும் ஆர்செனிக் என்ற நஞ்சைப் பெயர்த்து நிலத்தடி நீருக்கு அனுப்பிவிடலாம்.

தணல்: ஆர்செனிக் பாடம் எடுப்பவர், உருக்காலைக் கழிவைக் குவித்த கசடு மேட்டைப் பற்றிச் சென்ற மாதம் நான் கேட்டதற்கு இன்னும் விடை சொல்லவில்லை.

ஊற்றுக்கண்: நீங்கள் கேட்டது கேள்வி அன்று, வசை. வசைக்கு விடை சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

செம்புலம்: பழைய பகையைத் தனியே தீர்த்துக்கொள்ளுங்கள். குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கான ஆய்வு வரம்பை, அதாவது தாண்டினால் மேலும் ஆராய வேண்டிய அளவை, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 ஜனவரியில் கிலோவுக்கு 400 மில்லிகிராமிலிருந்து 200 ஆகக் குறைத்தது. அன்று தேறிய மண்ணே இன்று தேறாதபோது, 30 செ.மீ.யை வேதம்போல ஓதுகிறீர்கள்.

தணல்: மாறியது செறிவின் வரம்பு; ஆழம் அன்று. 30 செ.மீ. போதும் என்றேன், இப்போதும் அதையே சொல்கிறேன்.

செம்புலம்: அதற்குக் கீழே மாதிரி எடுத்துச் சோதித்தீர்களா, இல்லையா? அதற்கு மட்டும் விடை சொல்லுங்கள்.