தன் கையெழுத்தையே மறைத்து எழுதியவர்: ஃபேனி பர்னி வாசிப்புப் பகிர்வு

கடிதக்கட்டு:
பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஃபேனி பர்னியைப் படித்து முடித்தவர்களும் பாதியில் மூடி வைத்தவர்களும் இந்தத் திரியில் எழுதலாம். ஒரே வேண்டுகோள்: "அருமை", "போர்" என்று ஒற்றை வரியில் போகாமல், எந்த இடம், ஏன் என்று சொல்லுங்கள்.

முதல் நாவல் ‘ஈவ்லினா’ வெளிவந்த விதத்திலிருந்து தொடங்குகிறேன். அப்பா சார்லஸ் பர்னி இசை வரலாறு எழுதிக்கொண்டிருந்தார். அதற்குப் படி எடுத்துக் கொடுத்தது மகள்தான். லண்டன் அச்சகங்களில் அந்தக் கையெழுத்து தெரிந்துவிட்டால் நாவலை எழுதியது யார் என்ற குட்டு உடைந்துவிடும். அதனால் நாவல் முழுவதையும் வேறு ஒரு கையெழுத்தில், பெரும்பாலும் இரவில், திரும்ப எழுதினார். பதிப்பாளர் டாட்ஸ்லி, பெயர் சொல்லாதவர் எழுதியதைப் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டார். ஃப்ளீட் தெருவில் இருந்த லௌண்ட்ஸ் பார்த்தார், ஆனால் முழுசாக வந்தால்தான் அச்சிடுவேன் என்றார். தம்பி சார்லஸ் வேஷம் போட்டுக்கொண்டு ‘மிஸ்டர் கிங்’ என்ற பெயரில் தூது போனார். பதில் கடிதங்கள் ஹேமார்க்கெட்டில் இருந்த ஆரஞ்ச் காபி ஹவுஸுக்கு வந்தன. கடைசித் தொகுதி தயாரானபோது தம்பி ஊரில் இல்லை. ஒன்றுவிட்ட சகோதரர் எட்வர்டு அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். 1778 ஜனவரியில் மூன்று தொகுதிகளாகப் புத்தகம் வந்தது. எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. அப்பாவுக்கு விஷயம் தெரிய ஜூன் ஆகிவிட்டது.

மேல்மாடம்:
‘ஈவ்லினா’வைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சிக்குவார்கள்.

முதலாவது நடன விருந்து. லவெல் என்கிற பகட்டுக்காரன் தன்னோடு ஆட அழைக்கிறான். ஈவ்லினா சிரித்துக்கொண்டே மறுத்துவிடுகிறாள். கொஞ்ச நேரத்தில் ஆர்வில் பிரபு வந்து கேட்க, அவரோடு ஆடப் போகிறாள். இதில் என்ன தப்பு என்று நமக்குத் தோன்றும். அன்றைய வழக்கப்படி ஒருவரை மறுத்த பெண் அன்று இரவு வேறு யாரோடும் ஆடக் கூடாது. கிராமத்தில் பாதிரியார் வளர்த்த பெண்ணுக்கு அது தெரியாது. இதைப் புரிந்துகொள்ளாமல் தாண்டினால் அடுத்த விருந்தின் நகைச்சுவை முழுக்க வீண். அங்கே விதி தெரிந்துவிட்டதால் ஆட அழைக்கும் கிளெமென்ட் வில்லபியிடமிருந்து தப்பிக்க, "எனக்கு ஏற்கெனவே ஜோடி இருக்கிறார்" என்று பொய் சொல்கிறாள். அவன் விடுவானா? "எங்கே அவர், காட்டுங்கள்" என்று பின்னாலேயே சுற்றுகிறான். கடைசியில் அந்தப் பொய் ஆர்வில் தலையில் போய் விடிகிறது. தெரியாமல் செய்தது ஒரு தப்பு, தெரிந்து செய்தது இன்னொன்று. நாவலின் பாதி இந்த அச்சில்தான் சுழல்கிறது.

இரண்டாவது, ஈவ்லினாவுக்கு இடம் கொடுத்த குடும்பத்தின் தலைவர் கேப்டன் மிர்வன். ஈவ்லினாவின் பாட்டி மேடம் டுவாலைப் போலிக் கொள்ளையர் வேஷத்தில் மடக்கி, காலைக் கட்டிப் பள்ளத்தில் தள்ளுகிற காட்சியோடு பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். மூன்றாம் தொகுதியில் இரண்டு கனவான்கள் பந்தயம் கட்டி, எண்பது வயது தாண்டிய இரண்டு ஏழைக் கிழவிகளை ஓடவிடுகிறார்கள். ஒருத்தி விழுகிறாள். தூக்கிவிடப் போன ஈவ்லினாவிடம் அது பந்தய விதிக்கு விரோதம் என்கிறார்கள். இதைப் படித்த பிறகு அந்தப் பள்ளத்துக் காட்சிக்குத் திரும்பினால் சிரிப்பு வராது. பர்னி அதைத் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார் என்பது என் கணிப்பு.

மேற்கோள் காட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: நாவல் முழுவதும் கடித வடிவில்தான், மொத்தம் 84 கடிதங்கள். சில பதிப்புகளில் எண் தொடர்ந்து ஓடும், சிலவற்றில் ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றிலிருந்து தொடங்கும். தொகுதி எண்ணையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் எதிராளி தேடிக்கொண்டே இருப்பார்.

கினிக்கணக்கு:
காசு விஷயத்தையும் பேசிவிடுவோம். ‘ஈவ்லினா’வின் முழு உரிமைக்கு லௌண்ட்ஸ் கொடுத்தது 20 கினி. ஒரு கினி 21 ஷில்லிங், ஒரு பவுண்டு 20 ஷில்லிங். ஆகவே 21 பவுண்டு. பைண்டு செய்த மூன்று தொகுதிகளின் விலை 9 ஷில்லிங். 47 செட் விற்றால் அந்தத் தொகைக்கு மேல் வந்துவிடும். உரிமையை ஒரேயடியாக விற்றுவிட்டதால், நாவல் மறுபதிப்புகளாகப் போனபோது சட்டப்படி கேட்க எதுவும் இல்லை.

அடுத்த நாவல் ‘சிசிலியா’ (1782) ஐந்து தொகுதி, 250 பவுண்டு. மூன்றாவதான ‘கமில்லா’வில் (1796) வழியையே மாற்றினார். முன்கூட்டியே சந்தா, ஆளுக்கு ஒரு கினி. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். சந்தாதாரர் பட்டியலில் ‘மிஸ் ஜே. ஆஸ்டன், ஸ்டீவன்டன்’ என்று ஒரு பெயர் இருக்கும். ஆம், நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டன் அவரேதான். இது போக, உரிமையைத் தனியாக 1000 பவுண்டுக்கு விற்றார். அந்தப் பணத்தில் சர்ரேயில் கட்டிய வீட்டுக்குப் பெயரே கமில்லா காட்டேஜ்.

ஆஸ்டன் ரசிகர்கள் ‘சிசிலியா’வின் கடைசி அத்தியாயத்தை மட்டுமாவது புரட்டுங்கள். டாக்டர் லிஸ்டர் நடந்ததற்கெல்லாம் காரணம் சொல்லும் இடத்தில் ‘கர்வமும் முன்முடிவும்’ (‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’, ஆஸ்டன் பிற்பாடு தன் நாவலுக்கு வைத்த தலைப்பு) என்ற சொற்சேர்க்கை பெரிய எழுத்துகளில் மூன்று முறை வரும்.

கடிதக்கட்டு:
பல அறிமுகக் குறிப்புகளில் "17 வயதில் ஈவ்லினா எழுதினார்" என்று இருக்கிறது. தவறு. பிறந்தது 1752 ஜூன் 13, கிங்ஸ் லின். புத்தகம் வந்தபோது வயது 25. பதினேழு வயது கதாநாயகிக்குத்தான், எழுதியவருக்கு அல்ல! இந்தக் குழப்பம் அன்றைக்கே இருந்தது. குரோக்கர் என்ற விமர்சகர், வயதைப் பிடிப்பதற்காக லின் ஊரின் ஞானஸ்நானப் பதிவேட்டையே தேடி எடுத்தார். நாவலைப் பற்றிப் பேச வேண்டியவர் ஒரு மூதாட்டியின் பிறந்த தேதியோடு மல்லுக்கு நின்றது அற்பத்தனம்.

இன்னொன்றும் சேர்க்கிறேன். இதற்கு முன்பே ‘கரோலின் ஈவ்லின்’ என்று ஒரு நாவல் எழுதி, 15ஆவது பிறந்த நாளில் மற்ற எழுத்துகளோடு நெருப்பில் போட்டுவிட்டார். அந்தக் கரோலின்தான் ஈவ்லினாவின் தாய். எரிந்துபோன நாவலின் மகள்தான் அச்சேறியவள்.

ஊசிநூல்:
‘தி வாண்டரர்’ (1814) பற்றி யாரும் பேசவில்லையே. அதில் கதாநாயகியின் பெயர் வெகு தூரம் வரை நமக்குத் தெரியாது. அவளுக்கு வரும் கடிதத்தில் ‘எல். எஸ்.’ என்று இரண்டு எழுத்து. அதை ஒலித்துப் பார்த்து ‘எல்லிஸ்’ என்று அழைக்கிறார்கள். ஜூலியட் என்பது பிறகுதான். படிக்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரே பெண்ணை மூன்று பேராக எண்ணிவிடுவீர்கள்.

அவள் பிழைக்க என்னென்ன வேலை பார்க்கிறாள் என்பதுதான் நாவலின் உயிர். ஹார்ப் கற்றுக்கொடுக்கிறாள், பணக்காரப் பெண்கள் பாடம் கேட்டுவிட்டுக் கட்டணத்தைத் தள்ளிப் போடுகிறார்கள். அவளோ கடைக்காரர்களுக்குப் பாக்கி வைக்க முடியாது. பிறகு தொப்பிக் கடை, தையல், சிடுசிடுத்த ஒரு சீமாட்டிக்குத் துணையாள். உழைத்த காசைக் கேட்பதே அநாகரிகம் என்று நினைக்கும் கூட்டத்தில் உழைப்பவளின் கதி அது.

விலை இரண்டு கினி. முதல் பதிப்பு சுடச்சுடப் போனது, அடுத்தது தேங்கியது. காரணம் எளிது: பத்தாண்டு பிரான்சில் மாட்டிக்கொண்டு திரும்பியவர், நெப்போலியன் நாட்டு ரகசியங்களை அவிழ்ப்பார் என்று வாங்கினார்கள். கிடைத்தது இங்கிலாந்துப் பெரிய மனிதர்களின் கஞ்சத்தனம்.

மைத்தடம்:
நாவலைவிட நாட்குறிப்புதான் பெரியது என்பது என் கட்சி. 1786 முதல் 1791 வரை ஷார்லட் ராணியின் ஆடை அறையில் பணி, ஆண்டுக்கு 200 பவுண்டு, மணி அடித்தால் ஓட வேண்டும். வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணையை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியதும் அந்தக் காலத்தில்தான். அனுதாபம் ஹேஸ்டிங்ஸ் பக்கம். நமக்கு உறுத்தும், ஆனாலும் அந்தப் பக்கங்கள் கண்ணால் பார்த்தது போல இருக்கும்.

1811 செப்டம்பர் 30, பாரிஸில் நடந்த மார்பக அறுவை சிகிச்சை பற்றி அக்கா எஸ்தருக்கு எழுதிய கடிதத்தை இரவில் படிக்காதீர்கள். அறுவை செய்தவர் நெப்போலியனின் படை மருத்துவர் லாரே. மயக்க மருந்து வராத காலம். கொடுத்தது கொஞ்சம் வைன் கலந்த பானம். முகத்தில் போட்ட கைக்குட்டை மெல்லியது, அதனூடே கத்தியின் பளபளப்பு தெரிந்ததாம். இருபது நிமிடம். எழுதி முடிக்க அடுத்த ஆண்டு மாதக்கணக்கில் ஆனது, திரும்பப் படித்துப் பார்க்க முடியவில்லை என்கிறார். அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1840 ஜனவரியில் காலமானார்.

நாட்குறிப்பில் எந்தப் பதிப்பு வாங்கலாம் என்பதில் கவனம் வேண்டும். அண்ணன் மகள், தங்கை மகள் என்று பலரும் குழப்பிச் சொல்லும் முதல் பதிப்பாசிரியர், தங்கை ஷார்லட்டின் மகள். 1842 முதல் 1846 வரை வந்த அந்த ஏழு தொகுதிகள் சுருக்கி, வெட்டித் தொகுத்தவை. அதற்கும் முன்னால் முதுமையில் பர்னியே உட்கார்ந்து, வேண்டாத வரிகள் மேல் மையைச் சுழித்துச் சுழித்து அடித்திருக்கிறார். 1972இலிருந்து வந்த ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பில் அவற்றில் பலவற்றை மீட்டிருக்கிறார்கள்.

மேல்மாடம்:
நூலகத்தில் தேடும்போது ஃபேனி பர்னி, ஃபிரான்சஸ் பர்னி, மேடம் டார்ப்ளே ஆகிய மூன்றையும் போட்டுப் பாருங்கள். 1793இல் பிரெஞ்சு அதிகாரி டார்ப்ளேயை மணந்ததால் வந்த பெயர் அது. ‘சாரா ஹாரியட் பர்னி’ என்று வந்தால் அது வேறு ஆள். தகப்பனின் இரண்டாம் தாரத்து மகள், அவரும் நாவலாசிரியர். அவருடைய முதல் நாவலும் ‘கமில்லா’ வந்த அதே 1796இல்தான் வந்தது.