காம்பி ஃபிளெக்ரெய் நிலநடுக்கங்கள்: மாக்மாவா, வெந்நீரா?

பாறைநேசன்:
இத்தாலியின் நேப்பிள்ஸுக்கு மேற்கே உள்ள காம்பி ஃபிளெக்ரெய் எரிமலைப் பகுதியின் நிலநடுக்கப் பட்டியலை வைத்து ஒரு கட்டுரை தயாரிக்கிறேன். 2005 முதல் அங்குள்ள பொட்சுவோலி நகரம் மேலெழுந்துகொண்டே இருக்கிறது. 2025 மார்ச் 13, ஜூன் 30 ஆகிய இரு நாள்களிலும் 4.6 அளவில் அதிர்ந்தது. மாக்மா (நிலத்தடியில் உருகிய பாறைக்குழம்பு) ஏறுகிறது என்கிறது ஒரு தரப்பு, நிலத்தடி வெந்நீரும் வாயுவும் தள்ளுகின்றன என்கிறது இன்னொரு தரப்பு. அதிர்வுத் தரவை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியுமா?

ஊற்றுக்கண்:
ஓர் அதிர்வின் அலையை மட்டும் பார்த்து உறுதியாகப் பிரிக்க முடியாது. எது தள்ளினாலும் உடைவது அதே பாறைதான். கருவியில் பதிவாகும் அலையும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பிளவின் இரு முகங்களையும் சுற்றுப்பாறையின் அழுத்தம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. உள்ளே நீரழுத்தம் ஏற ஏற அந்தப் பிடி தளரும். ஏற்கெனவே தேங்கியிருந்த விசை பிளவை நகர்த்திவிடும். நகர்ந்ததும் வழி திறந்து அழுத்தம் வடியும். ஆனால் வெந்நீரில் சிலிக்கா கரைந்திருக்கிறது. நீர் குளிரும்போதும் கொதிக்கும்போதும் அது விரிசலில் படிந்து அடைத்துக்கொள்ளும். மறுபடி அழுத்தம் ஏறும். அதிர்வுகள் கொத்தாக வந்து ஓய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1982–84இல் இங்கே நிலம் சுமார் 1.8 மீட்டர் எழுந்தது. சுமார் 40,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். எரிமலை வெடிக்கவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் எழுந்ததில் ஏறத்தாழ பாதி இறங்கிவிட்டது. நீரும் வாயுவும் வடிந்தன என்று கொண்டால் அந்த இறக்கம் எளிதில் விளங்கும். ஆனாலும் வெப்பத்துக்கும் வாயுவுக்கும் மூலம் கீழே கிடக்கும் மாக்மாதான், அதை மறக்கக் கூடாது.

எனவே வாயுவைப் பாருங்கள். கந்தக டையாக்சைடு நீரில் கரைந்துபோகும். நிலத்தடி ஈரமாக இருக்கும்வரை பொட்சுவோலியின் சோல்ஃபதாரா பள்ளத்தில் நீராவியும் வாயுவும் கக்கும் ஆவித்துளைகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் வரும். கந்தக டையாக்சைடு தொடர்ந்து தென்பட ஆரம்பித்தால் வழி வறண்டு, மாக்மாவின் வாயு நேராக மேலே வருகிறது என்று கவலைப்பட வேண்டும்.

அலைபதிவு:
பட்டியலைக் கையில் எடுத்ததும் ஆழப் பத்தியைச் சலியுங்கள். 10 கி.மீ. என்றே திரும்பத் திரும்ப வந்தால் அது அளந்தது அல்ல, ஆழம் தெரியாதபோது கணினி தானாக இட்ட மதிப்பு. இங்கே அதிர்வுகள் பெரும்பாலும் 3, 4 கி.மீ.க்குள்தான். மிக அருகிலுள்ள நிலையம் அந்த ஆழத்தைவிட வெகு தொலைவில் இருந்தால் ஆழத்தை நம்ப வேண்டாம்.

பிறகு கொத்தின் முதல் அதிர்விலிருந்து மற்றவற்றின் தூரத்தை நேரத்துக்கு எதிராகப் புள்ளியிடுங்கள். நீரழுத்தம் பரவினால் முன்விளிம்பு நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி நகரும். பரவல் கெழு (அழுத்தம் பாறையில் எவ்வளவு விரைவாகப் பரவும் என்ற அளவு) நொடிக்கு 1 சதுர மீட்டர் என்றால் ஒரு நாளில் 1 கி.மீ., நான்கு நாளில் 2, ஒன்பது நாளில் 3. மாக்மா பாறையைக் கிழித்து ஓடினால் வேகமே வேறு: 2023 நவம்பர் 10 அன்று ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் ஊருக்கு அடியில் சுமார் 15 கி.மீ. நீளத்துக்குச் சில மணி நேரத்தில் பாய்ந்தது.

அலைவடிவங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இடங்களைத் திருத்தாமல் இந்தப் படத்தைப் போட்டால் பிழையே வளைவாகத் தெரியும். இன்னொன்று, பகலில் நகர இரைச்சல் சிறு அதிர்வுகளை விழுங்கும். கொத்தின் உச்சத்தில் ஒன்றின் வாலில் அடுத்தது மறையும். எந்த அளவுக்கு மேல் பட்டியல் முழுமையானது என்று முடிவு செய்யாமல் சிறியவை, பெரியவை விகிதத்தைக் கணக்கிடாதீர்கள்.

பாறைநேசன்:
மிக்க நன்றி. தொலைதூர நிலநடுக்கம் வெந்நீரைக் கலைப்பதும் உண்டா?

ஊற்றுக்கண்:
உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் எரிமலைப் பூங்கா அருகே 1959 ஆகஸ்ட் 17 அன்று ஹெப்கென் ஏரி நிலநடுக்கம் (7.3) வந்தபின் சில நாள்களில் 289 ஊற்றுகள் பீறிட்டன, அவற்றில் 160 அதற்கு முன் பீறிட்டதாகப் பதிவே இல்லாதவை. 2002 நவம்பர் 3 அன்று அலாஸ்காவின் டெனாலி நிலநடுக்கம் (7.9) 3,000 கி.மீ. தாண்டியும் யெல்லோஸ்டோனில் சில வெந்நீர் ஊற்றுகள் பீறிடும் கால இடைவெளியை மாற்றியது, ஒரே நாளில் 250க்கு மேற்பட்ட சிறு அதிர்வுகளையும் கிளப்பியது. குலுக்கலில் விரிசல் அடைப்புகள் விடுபடுவதும் புதிதாக அடைபடுவதும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

அதற்காக அதிர்வே இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்று எழுதிவிட வேண்டாம். சுமார் 1 கி.மீ. ஆழ நீரழுத்தத்தில் தண்ணீர் 311 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. அழுத்தம் திடீரென்று விழுந்தால் நீராவியாகி வெடிக்கும். யெல்லோஸ்டோனின் பிஸ்கட் பேசினில் 2024 ஜூலை 23 அன்று அப்படியொரு வெடிப்பு, கருவிகளில் எந்த முன்னறிகுறியும் இல்லாமல் நடந்தது. ஆவித்துளை வெப்பநிலை, வாயு விகிதம், நில உயர்வு மூன்றையும் அதிர்வு எண்ணிக்கையோடு ஒரே கால அச்சில் போடுங்கள்.