‘ஷாக் லாஸ்’: நடவுதிர்வு, அண்டையுதிர்வு என்று இரண்டு சொற்கள் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

முடி நடவு (ஹேர் டிரான்ஸ்பிளான்ட்) அறுவைக்குப் பின் சில வாரங்களில் ஏற்படும் உதிர்வை மருத்துவர்கள் ‘ஷாக் லாஸ்’ என்கிறார்கள். அதற்கு நம் அகராதிக்காக ‘அதிர்ச்சி இழப்பு’ என்ற சொல்லை முன்மொழிந்த புதுச்சேரி நண்பரின் முயற்சியை மதிக்கிறேன். ஆயினும் அச்சொல்லின் இரண்டு பாதிகளும் வாசகரைத் தவறான திசையில் அழைத்துச் செல்லும் என்றே அஞ்சுகிறேன். அதிர்ச்சி என்றதும் நமக்குத் தோன்றுவது மனத்தின் அதிர்ச்சி. கவலைப்பட்டதால்தான் முடி கொட்டியது என்று நோயாளி எண்ணிக்கொள்வார். இழப்பு என்பதோ திரும்பி வராததைக் குறிக்கும் சொல். நட்ட முடி உதிரும்போது தோலுக்கடியில் முடியை உருவாக்கும் மயிர்க்கால் உயிரோடு இருக்கிறது என்பதுதான் நோயாளிக்கு முதலில் தெரியவேண்டிய செய்தி. அச்செய்தியையே இந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

நிகழ்வைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மயிர்க்காலும் சில ஆண்டுகள் வளர்நிலையிலும், இரண்டு மூன்று வாரங்கள் இடைநிலையிலும், ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓய்வுநிலையிலும் இருந்து, பழைய முடியைக் கழித்துவிட்டுப் புதிய முடியை வளர்க்கத் தொடங்குகிறது. பின்தலையிலிருந்து எடுத்து முன்னந்தலையில் வைக்கப்படும் மயிர்க்கால் சிறிது நேரம் குருதியோட்டம் இல்லாமல் இருந்து, புதிய இடத்தில் சில நாட்களில் குருதி நாளங்களோடு இணைப்பைப் பெறுகிறது. இந்த இடர்ப்பாட்டில் அது முடி வளர்ப்பதை நிறுத்தி ஓய்வுக்குச் சென்றுவிடுவதால், பெரும்பாலும் இரண்டாவது வாரத்திற்குப் பிறகு நட்ட முடிகள் உதிரத் தொடங்குகின்றன. மூன்று நான்கு மாதங்களில் மெல்லிய முடிகள் தலைகாட்டும். முழுப் பயன் தெரிய ஓராண்டோ அதற்கு மேலுமோ ஆகலாம். இடம் மாறினாலும் மயிர்க்கால் தான் பிறந்த இடத்தின் இயல்பை விடாது என்பதை அமெரிக்க மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். நட்ட முடி மீண்டும் முளைக்கும், நிலைக்கும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை அதுவே.

மஞ்சக்குப்பத்தில் என் உறவினர் மகன் ஒருவர், அறுவை முடிந்த மூன்றாவது வாரத்தில் தலையணையில் கிடந்த முடிகளின் ஒரு முனையில் வெண்மையான குமிழைக் கண்டு, ‘வேரோடு வந்துவிட்டது, செலவழித்த பணமெல்லாம் வீண்’ என்று கலங்கிப்போனார். அந்தக் குமிழ் ஓய்வுநிலை முடியின் தடித்த அடிமுனையே, மயிர்க்கால் அன்று. சில முடிகளோடு சிறு பொருக்கும் சேர்ந்து உதிரும். அதையும் வேர் என்று எண்ணி அஞ்சுபவர்கள் உண்டு. நட்ட மயிர்க்கால் உண்மையிலேயே பிடுங்கிக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே நிகழும், இரத்தமும் கசியும். பத்து நாள் அளவில் அது தோலோடு நன்றாகப் பற்றிக்கொண்டுவிடுகிறது. ‘வேரோடு கொட்டுகிறது’ என்பது நம் ஊரில் அன்றாடப் பேச்சாக இருப்பதால், வேர் என்ற சொல்லைக் கலைச்சொல்லில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

இனி என் முதன்மையான வேண்டுகோளுக்கு வருகிறேன். ‘ஷாக் லாஸ்’ என்ற ஒரே பெயரால் இரண்டு வேறு நிகழ்வுகள் குறிக்கப்படுகின்றன. ஒன்று, மேலே சொன்ன நட்ட முடியின் உதிர்வு. மற்றொன்று, நட்ட இடத்தைச் சுற்றி முன்பே இருந்த முடிகளும், சில வேளைகளில் முடி எடுத்த பின்தலைப் பகுதியின் முடிகளும் உதிர்வது. முன்னது ஏறத்தாழ எல்லாருக்கும் நேர்வது, எதிர்பார்க்க வேண்டியது. பின்னது சிலருக்கே நேர்வது. அதிலும் பெரும்பாலான முடிகள் திரும்பி வரும் என்றாலும், பரம்பரை வழுக்கையால் முன்பே மெலிந்து நலிந்திருந்த முடிகள் சில வராமலே போகலாம். எனவே ‘தற்காலிக முடி உதிர்வு’ என்ற மற்றொரு முன்மொழிவையும் என்னால் ஏற்க இயலவில்லை. முதல் நிகழ்வுக்குப் பொருந்தும் உறுதிமொழியை அது இரண்டாவதற்கும் கொடுத்துவிடுகிறது. மீண்டு வரும் என்பதை விளக்கத்தில் உரிய அளவோடு சொல்லலாம். பெயரில் வைத்துக் கட்டக்கூடாது.

முதலாவதற்கு ‘நடவுதிர்வு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். நடவும் உதிர்வும் உணவகம் என்பதைப் போலப் புணர்ந்து நிற்கின்றன. ‘முடி மாற்று’ என்ற வழக்கை விட்டு நடவு என்பதை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சிறுநீரக மாற்று என்னும்போது பிறர் உறுப்பு நம் உடலுக்கு வருகிறது. இங்கோ தன் தலையின் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்கு இடம் மாற்றுகிறார்கள். புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கத்து உழவர்களுக்கு இது விளக்காமலே விளங்கும்: நாற்றங்காலில் பறித்த நாற்று வயலில் நட்டதும் சில நாள் வெளிறி வாடி நிற்கும், பிறகு புதுவேர் விட்டுப் பச்சை பிடிக்கும். உவமை முழுதும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாற்றில் தாள் நிற்கும். இங்கே தோலுக்கு மேலிருக்கும் முடி முழுவதுமே விழுந்துவிடும்.

இரண்டாவதற்கு ‘அண்டையுதிர்வு’ பொருந்தும் என எண்ணுகிறேன். ‘அயலுதிர்வு’ என்றும் எண்ணிப் பார்த்தேன். அயல் என்பது இன்று வெளிநாடு, வேற்றார் என்ற பொருள்களோடு பிணைந்துவிட்டதால், பிறர் முடி என்ற மயக்கம் வரும். அண்டை என்பதில் அந்த மயக்கம் இல்லை. நட்ட இடத்தின் அண்டை, எடுத்த இடத்தின் அண்டை என இரண்டையும் அது தழுவும்.

முன்மொழியப்பட்டிருக்கும் ‘மீளுதிர்வு’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு சொல். மீளும் உதிர்வு என்பது ஆக்கியவரின் கருத்து. ஆனால் மீள்பார்வை, மீளாய்வு முதலியவற்றில் ‘மீள்’ மறுபடியும் என்ற பொருளில் நிலைத்துவிட்டது. மறுபடி உதிர்வது என்றே படிப்பார்கள்.

நடவுதிர்வு, அண்டையுதிர்வு ஆகிய இரண்டையும் காய்ச்சலுக்குப் பின்னும் மகப்பேற்றுக்குப் பின்னும் வரும் பரவலான உதிர்விலிருந்து பிரித்தே வைக்க வேண்டும். அதை அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961இல் தனி நிலையாக விவரித்தார். தமிழில் ‘ஓய்வுநிலை உதிர்வு’ என்பது போதும். குழந்தை முகம் பார்க்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது, இரண்டு மூன்று மாதம் கழித்துத் தெரியவரும் இந்த உதிர்வைத்தான். காரணம் குழந்தையின் பார்வையில் இல்லை என்றாலும், காலத்தை அவர்கள் சரியாகவே கவனித்திருக்கிறார்கள்.

‘உதிர்வு’ என்பதை மூன்றிலும் பொதுவாக வைத்திருக்கிறேன். இலையும் பூவும் உதிர்ந்தாலும் கிளை இருக்கிறது என்ற எண்ணம் அச்சொல்லிலேயே அமைந்திருக்கிறது. ‘கொட்டுதல்’ பேச்சில் இயல்பானதே. ஆனால் அளவு மிகுதியைக் குறிப்பதால் கலைச்சொல்லுக்கு ஒவ்வாது.

புதுச்சேரியில் தோல் மருத்துவத் துறையில் பணியாற்றும் நம் உறுப்பினர்கள், அறுவைக்குப் பின் நோயாளிகளுக்குத் தரும் குறிப்பில் இவ்விரு சொற்களையும் இட்டுப் பார்த்து, அண்டையுதிர்வு என்பதை அவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று எழுதினால், அகராதியில் சேர்க்கும் முன் திருத்திக்கொள்ள உதவியாக இருக்கும்.

அன்புடன்,
கடலூரிலிருந்து ஓர் உறுப்பினர்