1976 மார்க் 3 அம்பாசடருக்கு ஏசி போடலாமா? இன்ஜின் தாங்குமா?

மார்க்3_வேலூர்:

வணக்கம். அப்பா வைத்திருந்த 1976 அம்பாசடர் மார்க் 3 இப்போது என் கையில். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ, ஸ்டியரிங்கோடு சேர்ந்த கியர் லீவர், எல்லாம் பழையபடியே இருக்கிறது. போன வருடம் இன்ஜின் வேலை முடித்தேன், ரன்னிங் நன்றாக இருக்கிறது.

அம்மாவுக்கு 78 வயது. மாதா மாதம் திருவண்ணாமலை போய் வர வேண்டும் அவருக்கு. முட்டி வலி, தாழ்வான கார்களில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, இந்த வண்டியின் சீட்தான் ஒத்துக்கொள்கிறது. ஆனால் இங்கே மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிறது, போக 80 கிலோமீட்டருக்கு மேல், கண்ணாடியை இறக்கினால் அனல்காற்று, ஏற்றினால் வேக்காடு. போன தடவை வழியிலேயே அம்மாவுக்குத் தலை சுற்றி, ஒரு மணி நேரம் புளியமர நிழலில் படுக்க வைத்திருந்தேன்.

இரண்டு பேரிடம் விசாரித்தேன். ஒருவர் பழைய செட் எடுத்துப் போட்டுத் தருகிறேன், 45,000 என்றார். இன்னொருவர் எல்லாம் புதிது, 75,000. இரண்டு பேருமே ரேடியேட்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, டைனமோவா, பின்னால் வந்த வண்டிகளில் அதன் இடத்தில் இருக்கும் ஆல்டர்னேட்டரா என்று கேட்கவுமில்லை, அதனால்தான் பயமாக இருக்கிறது. இன்ஜின் இழுக்குமா? டைனமோ போதுமா? பாடியை வெட்டாமல் செய்ய முடியுமா?

கோவை_கூலிங்காயில்:

தம்பி, தாராளமாகப் போடலாம், ஆனால் ஏசிக்காரரிடம் போவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இரண்டு இருக்கிறது. 25 வருடமாகக் கார் ஏசி வேலைதான் செய்கிறேன். பழைய வண்டியில் ஏசி சரியில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஏசியில் ஒன்றும் இருக்காது, வண்டியேதான் சூடாகிக் கிடக்கும்.

முதலில் ரேடியேட்டர். ஏசி போட்டால் அதன் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்காரும், அதாவது இதுவரை வெளிக்காற்றில் ஆறிக்கொண்டிருந்த ரேடியேட்டருக்கு இனி கண்டென்சர் கக்கிய சூட்டுக் காற்றுதான் கிடைக்கும். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே உப்பு படிந்த ரேடியேட்டர் என்றால் முதல் டிராபிக்கிலேயே கொதித்துவிடும். பிரித்து ராடு விட்டு சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் குழாய் ஒரு வரிசை கூடுதலாக உள்ள கோர் கட்டச் சொல்லுங்கள். இனிமேல் கூலன்ட் மட்டும். ஃபேனைச் சுற்றிக் கவுல் இல்லையென்றால் தகரத்தில் அடித்துப் போட வேண்டும், ஏனென்றால் வண்டி நிற்கும்போது ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்க வைப்பது அந்தக் கவுல்தான். சூடு குறையட்டும் என்று யாராவது தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருந்தால் திரும்பப் போடுங்கள், அது இல்லாமல் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடித் தேயும்.

இரண்டாவது கரன்ட். இந்த வண்டிகளில் வரும் லூகாஸ் டைனமோ நன்றாகச் சுற்றும்போதே 22 ஆம்ப் அளவுக்குத்தான் தரும், ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. உள்ளே காற்றடிக்கும் புளோயர் வேகமாக ஓடினால் 10 ஆம்ப் பக்கம், கண்டென்சர் ஃபேன் 8 முதல் 10, கேஸை அழுத்தும் கம்ப்ரஸரை இன்ஜின் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் 3 அல்லது 4. ராத்திரியில் ஹெட்லைட்டையும் கூட்டிப் பாருங்கள், பேட்டரி வீடு வந்து சேராது. ஆகவே 60, 65 ஆம்ப் ஆல்டர்னேட்டர் அவசியம். மாட்டுவதற்கு முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று பாருங்கள், பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும், அப்படியே ஆல்டர்னேட்டரை இணைத்தால் உள்ளே டயோடு போய்விடும். டேஷில் ஆம்மீட்டர் இருந்தால் மொத்தக் கரன்டும் அது வழியாகத்தான் போகும், அதையும் பார்த்து மாற்றி வயர் செய்ய வேண்டும்.

இன்ஜின் இழுக்குமா என்றால், அது சுமார் 50 குதிரைத்திறன் வண்டி, கம்ப்ரஸர் அதில் 3 முதல் 5 வரை எடுத்துக்கொள்ளும். பிக்கப் குறைவது நன்றாகவே தெரியும். அதனால் பெரிய கம்ப்ரஸர் வேண்டாம், சாண்டன் 507 (108 சிசி) அல்லது 508 (138 சிசி) போதும். திருவண்ணாமலை ரோடு சமவெளிதான், கவலை இல்லை. ஏலகிரி போனால் அந்த 14 வளைவும் முடியும் வரை அணைத்துவிடுங்கள்.

கார்புரேட்டரில் ஐடில்-அப் மறக்க வேண்டாம். கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்கும்போது திராட்டிலை லேசாகத் தூக்கிப் பிடிக்கிற வேக்கம் டப்பா அது. இல்லாவிட்டால் ஒவ்வொரு சிக்னலிலும் இன்ஜின் உதறும், சில சமயம் நின்றேபோகும்.

சேலம்_லேண்ட்மாஸ்டர்:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் பட்டதையும் எழுதுகிறேன், உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

எங்கள் வீட்டு மார்க் 4-இல் ஒரு பட்டறையில் ஏசி போட்டோம். மூன்று மாதம் நன்றாகக் குளிர்ந்தது. நான்காவது மாதம் கம்ப்ரஸர் பிராக்கெட் வெல்டிங் விட்டு, கம்ப்ரஸர் ஒரு பக்கமாகத் தொங்கி, பெல்ட் அறுந்து, அதே பெல்ட் ஃபேனையும் சுற்றிக்கொண்டிருந்ததால் ஃபேனும் நின்று, நான் மீட்டரைப் பார்ப்பதற்குள் தண்ணீர் கொதித்துவிட்டது. ஹெட் கேஸ்கட் போயிற்று. ஆகவே கம்ப்ரஸருக்குத் தனி பெல்ட், கிராங்க் புல்லியில் தனி பள்ளம், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். புல்லியை லேத்தில் சரியாகக் கடைந்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். பிராக்கெட் 8 அல்லது 10 மில்லிமீட்டர் பிளேட்டில், பிளாக்கில் ஏற்கெனவே இருக்கும் போல்ட் ஓட்டைகளில் மூன்று நான்கு இடம் பிடித்து நிற்க வேண்டும். இரண்டு போல்ட்டில் நிறுத்தினால் உதறி உதறி உடையும். மாட்டியபின் ஒரு நேர் சட்டத்தைப் புல்லிகள் மேல் வைத்துப் பாருங்கள், 2 மில்லிமீட்டர் கோணலாக இருந்தாலும் பெல்ட் கத்தும், சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இன்னொன்று வயரிங். புளோயருக்கும் ஃபேனுக்கும் சாவி ஸ்விட்சிலிருந்தே நேராக வயர் எடுத்திருந்தார்கள், ரிலே இல்லை, ஃபியூஸ் இல்லை. கிருஷ்ணகிரி தாண்டி ராத்திரியில் ரப்பர் கருகும் வாசனை, டேஷுக்கு அடியில் புகை. பேட்டரி டெர்மினலைப் பிடுங்கியதால் தப்பினோம், பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பேட்டரியிலிருந்து தடித்த வயர், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ், ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே. வேலை முடிந்ததும் பானெட்டைத் திறந்து நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கொம்பு_ஹாரன்:

ஒரு வேண்டுகோள், முடிந்தவரை திரும்பக் கழற்ற முடிகிற மாதிரி செய்யுங்கள். 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் முடிந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம், நம்பரில் விஏ என்று வரும். ஆனால் சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. உங்கள் வண்டிக்கு 2026-இல் 50. அப்படிப் பதிவு செய்தால் கண்காட்சி, ராலி மாதிரி காரணங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினப்படி ஓட்டக் கூடாது, ஆகவே அம்மாவுக்காக ஓட்டும் வரை உங்களுக்கு அது வேண்டாம். ஆனாலும் பின்னால் ஒருநாள் அந்த வழி திறந்திருக்கட்டும்.

அம்பாசடரில் வெட்டாமல் செய்வது சிரமமே இல்லை. கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கண்டென்சருக்கு இடம் இருக்கிறது. கியர் ஸ்டியரிங்கிலேயே இருப்பதால் டேஷுக்கு அடியில் நடுவில் தொங்கும் யூனிட் அழகாக உட்காரும், டேஷைத் தொடவே வேண்டாம். இன்ஜினுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் தகரமான ஃபயர்வாலில் ஹோஸ் போக இரண்டு ஓட்டையும் கீழே தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டையும் தவிர்க்க முடியாது, கழற்றினால் ரப்பர் மூடி போட்டுவிடலாம். கழற்றிய டைனமோவையும் அதன் சார்ஜ் கட்அவுட்டையும் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள், பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது சூடு உள்ளே வராமல் தடுப்பது. பெடல், ஸ்டியரிங் ராடு போகும் ஓட்டைகளில் ரப்பர் நைந்து போயிருக்கும், கியர்பாக்ஸ் மேல் தகரம் கொதிக்கும், கதவு ரப்பர் பீடிங் எல்லாம் காய்ந்து கல்லாகியிருக்கும். கம்பளத்துக்கு அடியிலும் ஃபயர்வாலிலும் கூரை லைனிங்குக்கு மேலேயும் சூடு தடுக்கும் ஷீட் ஒட்டி, பீடிங் எல்லாம் புதிதாக மாற்றினேன். ஏசி போடுவதற்கு முன்பே காலடிச் சூடு பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது.

மார்க்3_வேலூர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அப்பா வாங்கிய வண்டி, எதையும் வெட்ட வேண்டாம் என்பதில் அவரும் உறுதியாக இருக்கிறார். முதலில் ரேடியேட்டர், பீடிங், ஷீட். அப்புறம் ஆல்டர்னேட்டர். பொங்கலுக்குப் பிறகு ஏசி. கோவை அண்ணா, 45,000-க்குச் சொன்னவர் பழைய கம்ப்ரஸரும் பழைய ஹோஸும் என்கிறார். அதில் எதையாவது எடுக்கலாமா? கேஸ் அடிக்கும்போது நான் பக்கத்தில் நின்று எதைப் பார்க்க வேண்டும்?

கோவை_கூலிங்காயில்:

கம்ப்ரஸர் நல்லதாக இருந்தால் எடுக்கலாம், ஆனால் பழைய ஆர் 12 ஏசி கேஸ் காலத்துச் சரக்கு என்றால் உள்ளே மினரல் ஆயில் இருக்கும். அதை முழுக்க வடித்துக் கழுவி, அதற்குப் பின் வந்த ஆர் 134ஏ கேஸுக்கு உரிய பேக் (PAG) ஆயில் ஊற்ற வேண்டும். ஹோஸும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பழைய ரப்பர் ஹோஸில் 134ஏ கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும், உள்ளே கசிவு தடுக்கும் அடுக்கு உள்ள பேரியர் ஹோஸ் கேளுங்கள். கண்டென்சர் பேரலல் ஃப்ளோ வகை வாங்குங்கள், அதன் முன்னால் ஒரு ஃபேன், லைனில் ஒரு பிரஷர் ஸ்விட்ச்.

கேஸ் அடிக்கும் நாளில் அவசரப்படுத்தாதீர்கள். நைட்ரஜன் ஏற்றி ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்கட்டும். அப்புறம் வேக்கம் 30, 45 நிமிடம், பம்பை நிறுத்தியும் முள் ஏறாமல் நிற்க வேண்டும். கேஸை எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். 38 டிகிரி வெயிலில் கேஜில் மேல் பக்க (அழுத்தம் கூடிய பக்கம்) அளவு 250 பிஎஸ்ஐ சுற்றியும் கீழ்ப் பக்க (அழுத்தம் குறைந்த பக்கம்) அளவு 40 சுற்றியும் நின்றால் சரி. மேல் பக்கம் 300-ஐத் தாண்டிப் போனால் கேஸ் அதிகம் அல்லது கண்டென்சருக்குக் காற்று போதவில்லை.

சிலர் மலிவாக இருக்கிறதென்று சமையல் கேஸைக் கலந்து அடிக்கிறார்கள். நன்றாகவே குளிரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. டேஷுக்கு அடியில் உள்ள யூனிட்டின் கூலிங் காயிலில் சின்னக் கசிவு வந்தால் அந்த கேஸ் நேராக நீங்களும் அம்மாவும் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் வரும். சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் தம்பி.