பொருள்: மறு: எஸ்-செயல்முறை, ஆர்-செயல்முறை – தமிழ்ப்பெயர்

> ‘மெது நியூட்ரான் பிடிப்பு’, ‘விரைவு நியூட்ரான் பிடிப்பு’ என்று வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, வணக்கம்.

அணுக்கரு நியூட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கனமான தனிமமாக வளரும் இரு வழிகள்தான் எஸ் (slow), ஆர் (rapid) செயல்முறைகள். அவற்றின் பெயருக்குப் ‘பிடிப்பு’ நல்ல சொல். ‘கவர்வு’ வேண்டாம், கரு தொலைவிலிருந்தே நியூட்ரானை இழுப்பதுபோல் தோன்றும். உண்மையில் நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் கருவின் மின்விலக்கு அதைத் தடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அடைமொழி நிற்கும் இடம்தான் இடறுகிறது. அணு உலைத் துறையில் ‘மெது நியூட்ரான்’ என்றால், தணிப்பானில் (நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும் பொருள்) மோதி மோதி 0.025 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இறங்கியது. கல்பாக்கம் வேக ஈனுலையின் ‘வேகமும்’ நியூட்ரானுடையதே. எஸ்-செயல்முறை நியூட்ரான்களுக்கோ சுமார் 8,000 முதல் 30,000 எலக்ட்ரான் வோல்ட். மூன்று லட்சம் மடங்குக்கு மேல்! அதைப் போய் மெது நியூட்ரான் என்றால் மாணவர் குழம்பிப்போவார்.

மெதுவாக நடப்பது பிடிப்பு, அதுவும் பீட்டாச் சிதைவோடு (கருவிலுள்ள நியூட்ரான் புரோட்டானாக மாறுவது) ஒப்பிட்டால். முதிர்ந்த செம்பெரு விண்மீனுக்குள் கன சென்டிமீட்டருக்கு 1 கோடி முதல் 10 கோடி நியூட்ரான் இருந்தாலும், ஒரு கரு அடுத்ததைப் பிடிக்க ஆண்டுக்கணக்காகும். நிலையற்ற கரு பெரும்பாலும் அதற்குள் சிதைந்து அடுத்த தனிமமாகிவிடும். இந்தப் பாதை பிஸ்மத்-209இல் முட்டி நிற்கிறது. அது ஒரு நியூட்ரானைப் பிடித்தால் பிஸ்மத்-210. அரையாயுள் 5 நாள். அதிலிருந்து பொலோனியம்-210, 138 நாள் அரையாயுளில் ஆல்பா உமிழ்ந்து ஈயம்-206. மறுபடி ஈயத்துக்கே வந்தாயிற்று. தோரியமும் யுரேனியமும் இவ்வழியில் பிறக்கவே முடியாது.

ஆர்-செயல்முறையில் நியூட்ரான் அடர்த்தி 10-இன் 20ஆம் அடுக்கைத் தாண்டும். மில்லிநொடிகளில் பிடிப்பு, சிதையவே நேரமில்லை. இதற்குச் சான்றாக, 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான நியூட்ரான் விண்மீன் மோதலின் ஒளியில் ஸ்ட்ரான்சியத்தை 2019இல் அடையாளம் கண்டார்கள்.

ஆகவே: நியூட்ரான் மெதுப்பிடிப்பு, நியூட்ரான் விரைவுப்பிடிப்பு. இரண்டுக்கும் நடுவிலான ஐ-செயல்முறை ‘நியூட்ரான் இடைவேகப்பிடிப்பு’. ஆர்பி-செயல்முறை ‘புரோட்டான் விரைவுப்பிடிப்பு’. ‘விரைப்பிடிப்பு’ என்று சுருக்க வேண்டாம்; விரை என்றால் விதையும்தான், இத்துறையில் ‘விதைக்கரு’ (பிடிப்பு தொடங்கும் முதல் கரு) வேறு இருக்கிறது.

——

மறு: மறு:

ஏற்கிறேன். இதோடு ஆர்-செயல்முறையின் ‘காத்திருப்புப் புள்ளி’ (waiting point) என்ற சொல்லையும் திருத்திவிடுவோம். அது புள்ளியே அல்ல, ஒரு கரு. நியூட்ரான் எண் 50, 82, 126 ஆனதும், மேற்கொண்டு பிடிக்கும் நியூட்ரானைக் காமாக் கதிர் உடனே உதிர்த்துவிடும். பீட்டாச் சிதைவு வரும்வரை கரு அங்கேயே தங்கும். பின்னால் வருபவையும் அங்கே குவியும். நிறை எண் 80, 130, 195 அருகே மிகுதி முகடுகள் (அண்டத்தில் அக்கருக்களின் அளவு உயர்ந்து தெரியும் இடங்கள்) எழுவது இதனால்தான். பிளாட்டினம் மூன்றாம் முகட்டில் வருவது.

என் பரிந்துரை: தங்குகரு. ‘நிலைக்கரு’வோடு (சிதையாத கரு) குழப்பாதிருக்க, விளக்கத்தில் காட்மியம்-130ஐ எடுத்துக்காட்டாகத் தரலாம்: நியூட்ரான் 82, அரையாயுள் சுமார் 0.13 நொடி.