ஏழு துளை ஜீப்பைப் போர்க்கால ஜீப் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்

அரசலாற்றான்:
சென்ற ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் பழைய வண்டிகளை நிறுத்திக் காட்டிய இடத்தில், நம் குழுவைச் சேர்ந்த வெட்டாறு வாசி தம் ஜீப்பைச் சுற்றி நின்ற கல்லூரிப் பிள்ளைகளிடம், "இது இரண்டாம் உலகப் போரில் ஓடிய வண்டி, போர் முடிந்ததும் தஞ்சாவூர் விமானத்தளத்து ஏலத்தில் என் பாட்டனார் எடுத்தது" என்று சொன்னதை நானும் அருகில் நின்று கேட்டேன். பொது இடத்தில் மறுத்துப் பேச மனம் வராமல் திரும்பிவிட்டேன். ஆனால் அது உறுத்திக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஜீப்பின் முகப்பில், காற்று புக விட்டிருக்கும் நீளத் துளைகள் ஏழு. போருக்காக அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் செய்த வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ஆகிய மாதிரிகளின் தகட்டு முகப்பில் ஒன்பது துளைகள் உண்டு. 1945-இல் பொதுமக்களுக்கென்று வில்லிஸின் சிஜே-2ஏ மாதிரி வந்தபோதுதான் முகப்பு விளக்குகள் பெரிதாகித் துளைகள் ஏழாயின. போதாக்குறைக்கு, அவருடைய வண்டியின் பானெட் உயர்ந்து நிற்கிறது. அந்த உயர்ந்த பானெட் 1953-இல் வந்த சிஜே-3பி மாதிரிக்கு உரியது; இன்ஜினுக்குள் எரிபொருள் கலவையை விடும் இன்டேக் வால்வுகளை மேலே கொண்டுவந்ததால் இன்ஜின் உயர்ந்தது, அதற்கு இடம் கொடுக்க பானெட்டும் உயர்ந்தது. போர் முடிந்து எட்டு ஆண்டு கழித்துப் பிறந்த மாதிரி எந்தப் போருக்குப் போயிருக்கும்?

இளையவர்களைப் பழைய ஜீப்புகளின் வரலாற்றுக்குள் இழுக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் பேசி வருகிறோம். அவர்கள் கையில் கைப்பேசி இருக்கிறது. பேருந்து ஏறுவதற்குள் துளைகளை எண்ணி உண்மையைத் தெரிந்துகொள்வார்கள். அதன்பின் நாம் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள்.

வெட்டாறு வாசி:
பெரியவர் என்னிடம் நேரில் கேட்டிருந்தால் நேரிலேயே விடை சொல்லியிருப்பேன். 1970-களில் நீடாமங்கலம் அருகே ஒரு மாட்டுவண்டியில் மோதி முகப்பு நசுங்கியதால், கிடைத்த முகப்பை வாங்கிப் பொருத்தினார்கள். வண்டியை ஏலத்தில் எடுத்தவர் என் பாட்டனார்; அவர் வாயால் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். போருக்குப் பின் அரசு மிச்ச வண்டிகளை ஏலம் விட்டது உண்மையா இல்லையா? தஞ்சாவூரில் போர்க்காலத்து விமானத்தளம் இருந்தது உண்மையா இல்லையா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்று அங்கே நின்ற வண்டிகளில் பிள்ளைகள் கூட்டமாக நின்றது என் வண்டியைச் சுற்றித்தான். துளைகளை எண்ணிக் காட்டியவர்களின் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

அரசலாற்றான்:
முகப்பு மாறியது என்கிறீர்கள், ஒப்புக்குக் கேட்டுக்கொள்கிறேன். பானெட்டும் மாறியதா? போர்க்கால வண்டிக்குப் பின்கதவு கிடையாது. உங்கள் வண்டிக்கு இருக்கிறது. போர்க்கால வண்டியில் உதிரிச் சக்கரம் பின்பக்கத் தகட்டில் தொங்கும். உங்கள் வண்டியில் பக்கவாட்டில் இருக்கிறது. போர்க்கால வண்டியின் முகப்பு விளக்குகள் உள்ளடங்கி இருக்கும். இரவில் இன்ஜினைப் பழுதுபார்க்க வசதியாக அவற்றை மேலே புரட்டிப் பின்பக்கம் திருப்பலாம். உங்கள் விளக்குகளைப் புரட்டிக் காட்டுங்கள் பார்க்கலாம். முகப்பும் மாறியது, பானெட்டும் மாறியது, பின்கதவும் முளைத்தது. இத்தனையிலும் மாறாமல் நிற்பது உங்கள் கதை ஒன்றுதான்.

முகப்பில் ஏழு துளை. அதற்கு முதலில் விடை சொல்லுங்கள்.

பாமணியாறு:
ஐயா, நான் மன்னார்குடிப் பக்கம், இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் தோழிகளும் வந்திருந்தோம். எங்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்பதால் ஒன்றைக் கேட்கிறேன். கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டு சிறிய லீவர்கள் இருந்தன. அவை என்ன செய்கின்றன என்று அங்கே இருந்த மூன்று பேரிடம் கேட்டோம்; மூவரும் போரைப் பற்றியே பேசினார்கள்.

பழைய பட்டறை:
அம்மா, கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி இருக்கிறது. இன்ஜினின் விசை அதற்குள் வந்து முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரிகிறது. ஒரு லீவர் முன்சக்கரங்களுக்கு விசையைச் சேர்க்கும், அல்லது விலக்கும். மற்றது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். போர்க்கால வண்டியில் அந்தக் குறைந்த கியரின் விகிதம் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. பொதுமக்கள் வண்டியில் ஏறத்தாழ இரண்டரைக்கு ஒன்று. விகிதம் கூடினால் இழுவை கூடும். அச்சின் விகிதமும் 4.88 என்பதிலிருந்து சிஜே-2ஏ வண்டியில் 5.38 ஆனது. ஏர் இழுக்கவும் டிரெய்லர் இழுக்கவும் அப்படி மாற்றினார்கள். பட்டறைக்கு வந்தால் கழற்றியே காட்டுகிறேன். கையில் எண்ணெய் படும், பழைய துணி ஒன்று கொண்டுவரவும்.

அரசலாற்றான்:
பட்டறைக்காரர் சொன்னதையே என் கட்சிக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். ஏழு துளை வண்டி உழவனுக்காகச் செய்யப்பட்ட வண்டி. வில்லிஸ் உருவாக்கிய ஜீப் போர் முடிந்ததும் வேலையற்றுப் போய்விடாமல் இருக்க, இன்ஜின் விசையை வெளியே எடுத்து மரம் அறுக்கும் இயந்திரத்தையும் பம்பையும் ஓட்டும் வசதியோடு உழவர்களுக்கு விற்கப்பட்டது. 1945-இல் இரும்பு வணிகத்துக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம், முகமது என்ற பங்காளியின் பெயர் நீங்கி 1948-இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆகி, பம்பாயில் அந்த ஜீப்பின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டி விற்றது. பின்னர் உயர்ந்த பானெட் மாதிரியை இங்கேயே செய்தது. அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன அந்த மாதிரி நம் நாட்டில் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் வெளிவந்தது.

1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கி வட்டார அலுவலகங்கள் வந்தபோது, அவற்றின் அலுவலர் ஊருக்குள் வந்தது ஜீப்பில். 1960-இல் தீவிர வேளாண் திட்டத்துக்குத் தஞ்சாவூர் மாவட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட பின், வேளாண் அலுவலர்கள் புது நெல் விதையையும் உரத்தையும் பற்றிச் சொல்ல வாய்க்கால் கரையோரம் வந்ததும் ஜீப்பில்தான். ஆடுதுறை-27 விதையை எங்கள் தெருவில் இறக்கியது ஏழு துளை ஜீப். அன்று அதன் பின்னால் ஓடிய சிறுவர்களில் நானும் ஒருவன். இப்படி ஒரு வரலாறு நம் மண்ணிலேயே கிடக்கும்போது, பிள்ளைகளைக் கவர்வதற்குப் பர்மாப் போரை எதற்குக் கடன் வாங்க வேண்டும்? ஏழு துளை என்றால் நமக்குக் குறைவா?

கொள்ளிடக்கரை:
"வில்லிஸ் உருவாக்கிய ஜீப்" என்று எழுதுகிறவர் பிறருக்கு வரலாறு கற்பிப்பது வியப்பாக இருக்கிறது. 1940 ஜூலையில் அமெரிக்கப் படை தனக்கு ஒரு சிறு வண்டி செய்து தரும்படி 135 நிறுவனங்களைக் கேட்டபோது, 49 நாளில் முதல் வண்டியைத் தருகிறோம் என்று முன்வந்தது அமெரிக்கன் பான்டம் என்ற நிறுவனம். கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற வடிவமைப்பாளர் வரைபடம் போட, செப்டம்பர் 23-ஆம் நாள் அந்த வண்டி படையின் ஹோலாபேர்டு முகாமுக்கு ஓட்டிச் செல்லப்பட்டது. அந்த வரைபடங்களைப் படை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. பெரிய ஒப்பந்தங்களும் அவர்களுக்கே போயின. ஜீப்பை உருவாக்கியது தாங்களே என்று வில்லிஸ் விளம்பரம் செய்ததை அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1948-இல் தடுத்தது. ஆணையமே தடுத்ததை அரசலாற்றான் மறுபடியும் எழுதுகிறார்.

அரசலாற்றான்:
பான்டம் முதல் வண்டியைச் செய்ததை நான் எங்கே மறுத்தேன்? பெருமளவில் உருவாக்கி உலகமெங்கும் கொண்டுபோனது வில்லிஸ் என்பதே நான் சொன்னதன் பொருள். 60 குதிரைத்திறன் கொண்ட அதன் இன்ஜின் இல்லையென்றால் இன்று ஜீப்பே இல்லை. கொள்ளிடக்கரை இதற்குள் புகுந்ததற்கு என்ன காரணம் என்று இங்குள்ள பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். முன்பொரு கண்காட்சியில் என் வண்டியை வாயிலுக்கு வெளியே நிறுத்தச் சொன்னவர் இவர். வந்த பிள்ளைகள் வெயிலில் வெளியே வந்துதான் என் வண்டியைப் பார்த்தார்கள். நான் மறக்கவில்லை.

வெட்டாறு வாசி இன்னும் துளைகளுக்கு விடை சொல்லவில்லை.

கொள்ளிடக்கரை:
வெளியே நிறுத்தச் சொன்னேன், இன்றும் அதையே சொல்வேன். அவருடைய ஜீப்பில் இருப்பது பெட்ரோல் இன்ஜின் அன்று. பின்னாளில் மாற்றிப் பொருத்திய டீசல் இன்ஜின். 2021-இல் வந்த மத்திய அரசின் விதிப்படி, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டு, சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாத வண்டியே பழம்பெரும் வண்டியாகப் பதிவாகும். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். டீசல் ஜீப்பை வைத்துக்கொண்டு பிறர் வண்டியின் துளைகளை எண்ணுவது எந்த நியாயம்?

பழைய பட்டறை:
காவிரிப் பாசனத்தில் பெட்ரோல் ஜீப் வைத்திருந்த பலர் விலை தாளாமல் டீசலுக்கு மாறினார்கள். மாற்றிக் கொடுத்தவர்களில் நானும் உண்டு. மஹிந்திராவே எம்.எம். 540 வண்டியில் 2,112 சிசி பியூஜோ டீசல் இன்ஜினை வைத்து விற்றது. மாற்றியிராவிட்டால் அந்த வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அதுவும் வரலாறுதான், எழுதிவையுங்கள்.

வெட்டாறு வாசி:
பெரியவரின் வண்டியில் இன்ஜின் மாறினால் அது உயிர் பிழைத்த வண்டி. என் வண்டியில் முகப்பு மாறினால் அது பொய். இதுதான் இங்கே நீதி போலும்.

1977 நவம்பர் புயலில் நாகப்பட்டினம் பக்கத்துச் சாலைகளில் மரம் விழுந்து கிடந்தபோது, எங்கள் பாட்டனார் இந்த ஜீப்பில்தான் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போனார். அன்று பசியோடு காத்திருந்தவர்கள் துளைகளை எண்ணவில்லை.

அரசலாற்றான்:
உங்கள் பாட்டனாரின் கொடைக்குத் தலை வணங்குகிறேன். அதையே பிள்ளைகளிடம் சொல்லியிருக்கலாமே! 1977-இல் ஏழு துளை ஜீப் செய்த வேலையைச் சொல்லாமல், 1944-இல் அது செய்யாத வேலையைச் சொன்னீர்கள். என் சினம் முழுவதும் அதனால்தான்.

துளை சிறிய செய்தி என்று எண்ணுகிறவர்களுக்கு ஒன்று. மஹிந்திரா அமெரிக்காவில் ராக்ஸர் வண்டியை விற்றபோது, அதன் முகப்பும் வடிவமும் தங்கள் ஜீப்பைப் போல இருப்பதாக, அப்போது ஜீப் பெயரின் உரிமையை வைத்திருந்த ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 2018-இல் வழக்குக்குப் போனது. 2020-இல் அங்குள்ள பன்னாட்டு வணிக ஆணையம் விற்பனையைத் தடுத்து, மஹிந்திரா வடிவத்தையே மாற்ற நேர்ந்தது. கடல் கடந்து வழக்காடும் அளவுக்கு மதிப்புள்ள அடையாளத்தை, கும்பகோணத்தில் நிற்கும் ஒரு மாணவர் எண்ணிப் பார்க்கக் கூடாதா? எண்ணக் கற்றுக்கொடுங்கள். ஒன்பதா, ஏழா, விளக்கு உள்ளேயா வெளியேயா, முன்பக்கச் சேசிஸ் குறுக்குச் சட்டம் உருளையாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த பெட்டி போல இருந்தால் ஃபோர்டு, போல்ட்டின் தலையில் எஃப் என்ற எழுத்து இருந்தால் ஃபோர்டு. தானே கண்டுபிடித்த மாணவருக்கு வரும் ஆர்வம் நாம் ஊட்டும் கதையால் வராது.

பாமணியாறு:
பட்டறை ஐயாவுக்கு நன்றி. நாங்கள் நால்வர் வருகிறோம். போல்ட்டில் எழுத்து இருக்குமென்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன். வெட்டாறு வாசி ஐயா, உங்கள் வண்டியின் அடியில் படுத்துப் பார்க்க எங்களை விடுவீர்களா?

வெட்டாறு வாசி:
பிள்ளைகள் வந்து பார்க்கலாம், தடையில்லை. ஆனால் பெரியவர் சொல்லிக்கொடுத்த கேள்விகளோடு வந்து என் பாட்டனாரைப் பொய்யர் ஆக்க யாரையும் விடமாட்டேன். ஆர்.சி. புத்தகம் என் வீட்டில் இருக்கிறது. அதை இங்கே போட வேண்டிய கடமை எனக்கு இல்லை. அடுத்த மாதம் திருவாரூரில் வண்டிகளை நிறுத்தும்போதும் போர்க்கால ஜீப் என்றுதான் பலகை வைப்பேன்.

அரசலாற்றான்:
ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு ஆண்டு எழுதியிருக்கும் என்பதால்தான் அதைக் காட்ட மறுக்கிறீர்கள். நீங்கள் பலகை வையுங்கள். பக்கத்திலேயே நானும் ஒரு பலகை வைப்பேன். ஒன்பது துளை முகப்பையும் ஏழு துளை முகப்பையும் அருகருகே வரைந்து, மாணவர்களையே எண்ணச் சொல்வேன். பட்டறைக்காரரும் அங்கே வர வேண்டும்.

கொள்ளிடக்கரை:
திருவாரூரில் இடம் ஒதுக்கும் பொறுப்பு இம்முறையும் என்னிடம்தான் இருக்கிறது. பலகைக்கு இடம் உண்டு. டீசல் வண்டிக்கு வாயிலுக்கு வெளியேதான்.